ரத்தத்தைச் சுத்திகரித்தால் அப்பா பிழைப்பாரா?

கேள்வி

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் அப்பாவுக்கு 64 வயது. 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். வயிற்றுவலி என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். வாயுத் தொல்லை என்று நினைத்து மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். மூன்றாம் நாள் வயிறு பலகை போல இறுகி மூச்சு வாங்கியதும் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பெருங்குடலில் ஓட்டை விழுந்து மலம் வயிற்றுக்குள் பரவியிருக்கிறது என்று சிடி ஸ்கேனில் தெரிந்தது. சேர்த்த நான்கு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து, கெட்டுப்போன பகுதியை எடுத்துவிட்டு, மலம் வெளியேற வயிற்றில் பை வைத்திருக்கிறார்கள். இன்று ஐந்தாம் நாள். வென்டிலேட்டரில் இருக்கிறார். பிபி ஏற்றும் மருந்தை நேற்று கொஞ்சம் குறைத்திருப்பதாக நர்ஸ் சொன்னார். சிறுநீர் நின்றுவிட்டது. கிரியாட்டினின் 5.2. ‘ரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும்’ என்று இரண்டாம் நாளிலிருந்து டயாலிசிஸ் செய்கிறார்கள். இப்போது, ரத்தத்தில் உள்ள விஷத்தை உறிஞ்சும் தனி ஃபில்டர் ஒன்று இருக்கிறது, ஒன்றின் விலை லட்சத்துக்கு மேல் ஆகும், இரண்டு தேவைப்படலாம் என்கிறார்கள். அம்மா தன் நகைகளை அடகு வைக்கச் சொல்கிறார். அந்த ஃபில்டர் போட்டால் அப்பா பிழைப்பாரா? எத்தனை சதவீதம் வாய்ப்பு? டயாலிசிஸ் ஆரம்பித்தால் ஆயுள் முழுக்க விட முடியாது என்கிறார்களே, உண்மையா? சிங்கப்பூரில் இருக்கும் தம்பியை வரச் சொல்லலாமா?

ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் என்னிடம் வந்து சேர ஒரு நாள் ஆகியிருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாள் என்பது சிறிய இடைவெளி அன்று. நீங்கள் இதைப் படிக்கும்போது தந்தையாரின் நிலை ஏதேனும் ஒரு பக்கம் நகர்ந்திருக்கக்கூடும். நான் அவரை நேரில் பார்த்ததில்லை, அவருடைய கேஸ் ஷீட்டைப் படித்ததும் இல்லை. ஆகவே நான் எழுதுவது எதுவும் அங்கிருக்கும் மருத்துவர்களின் முடிவுக்கு மாற்றாகாது. அவர்களிடம் எதைக் கேட்பது, அவர்கள் சொல்வதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதற்குத் துணையாக மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குழப்பத்தில் பாதி ஒரு சொல்லால் வந்தது. ‘ரத்தச் சுத்திகரிப்பு’ என்ற ஒரே பெயரால் இரண்டு வெவ்வேறு சிகிச்சைகளை உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று, வேலை நிறுத்திவிட்ட சிறுநீரகத்தின் பணியை இயந்திரத்தைக் கொண்டு செய்யும் டயாலிசிஸ். மற்றொன்று, கிருமிகளிலிருந்து ரத்தத்தில் கலந்த நச்சையோ, அந்தக் கிருமிகளை எதிர்த்து உடலே சுரக்கும் அழற்சிப் பொருள்களையோ உறிஞ்சி எடுப்பதற்கென்று உருவாக்கப்பட்ட ஃபில்டர். முதலாவது உங்கள் தந்தையாருக்கு இப்போது தேவை. அதில் எனக்கு ஐயமில்லை. இரண்டாவது உயிர்களைக் காக்கிறது என்பதற்குப் பெரிய ஆய்வுகள் ஆதரவு தரவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் நகையைப் பற்றிய முடிவு எளிதாகிவிடும்.

ஆனால் இரண்டைப் பற்றியும் பேசுவதற்கு முன்னால் வயிற்றைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் நோயின் வேர் அங்கேதான் இருக்கிறது. இரைப்பையில் ஓட்டை விழுவதும் பெருங்குடலில் ஓட்டை விழுவதும் ஒன்றல்ல. இரைப்பையின் அமிலத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு ஆயிரம் பாக்டீரியாக்கள் கூடத் தேறுவது அரிது. பெருங்குடலின் உள்ளடக்கத்திலோ ஒரு கிராமுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி பாக்டீரியாக்கள் உண்டு. குடல் சுவருக்கு உள்ளே இருக்கும்வரை அவை நமக்கு வேலைக்காரர்கள். சுவர் ஓட்டையாகி, கிருமியே இல்லாத வயிற்றறைக்குள் அவை கொட்டிவிட்டால், அந்த அறையின் சவ்வு முழுவதும் சீழ் பிடிக்கிறது. கிருமிகளும் அவற்றின் நச்சும் ரத்தத்தில் ஏறுகின்றன. அதை எதிர்க்கக் கிளம்பும் நோய் எதிர்ப்பாற்றல் கட்டுக்கடங்காமல் போய், ரத்தக் குழாய்களைத் தளர்த்தி, ரத்த அழுத்தத்தை வீழ்த்தி, நுரையீரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்துப் பாதிக்கிறது. இதைத்தான் செப்சிஸ் என்றும், அழுத்தத்தை மருந்தால் தாங்கிப் பிடிக்க வேண்டிய கட்டத்தை செப்டிக் ஷாக் என்றும் சொல்கிறோம். உங்கள் தந்தையாரின் சிறுநீரகத்தில் தனியாக ஒரு நோய் வந்துவிடவில்லை; வயிற்றில் பற்றிய தீயின் வெப்பம் அங்கும் எட்டியிருக்கிறது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. உண்மையான சுத்திகரிப்பு அறுவை அரங்கிலேயே நடந்துவிட்டது. மலத்தைக் கழுவி எடுத்து, ஓட்டையுள்ள பகுதியை வெட்டி நீக்கி, கசிவை நிறுத்தினார்கள் அல்லவா, அதற்கு ஈடான சிகிச்சை வேறு எதுவும் இல்லை. ஜப்பானில் குடல் அல்லது இரைப்பையில் ஓட்டை விழுந்து செப்டிக் ஷாக்கில் வந்த 154 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2014-ல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனைக்கு வந்ததிலிருந்து அறுவை தொடங்குவதற்குள் கழிந்த ஒவ்வொரு மணி நேரமும் பிழைக்கும் வாய்ப்பைக் குறைத்தது. ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானவர்களில் ஒருவர் கூடப் பிழைக்கவில்லை. ஒரே மருத்துவமனையின் கணக்கு என்பதால் அந்த ஆறு மணியை விதியாகக் கொள்ள முடியாது. ஆனாலும் அது சுட்டும் திசை சரியானது. சேர்த்த நான்கு மணி நேரத்துக்குள் அறுவை செய்திருக்கிறார்கள் என்பது உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் ஆறுதல் தந்த வரி. குடலை உடனே இணைத்துத் தைக்காமல் பை வைத்ததும் நல்ல முடிவே. அழுகிய வயிற்றில், குறைந்த ரத்த அழுத்தத்தில் போடும் தையல் பிரிந்துவிடும் அபாயம் அதிகம் என்பதால் அனுபவமுள்ள அறுவை மருத்துவர்கள் இந்த நிலையில் அப்படித்தான் செய்வார்கள்.

வாயு மாத்திரை கொடுத்த இரண்டு நாளை நினைத்து நீங்கள் உள்ளுக்குள் குமைகிறீர்கள் என்பது கடிதத்தின் தொனியில் தெரிகிறது. நீண்ட காலச் சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் வயிற்றின் எச்சரிக்கை மங்கலாகவே வெளிப்படும், மருத்துவர்களே ஏமாந்துபோனதுண்டு. (பிற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: விடாத வயிற்றுவலியோடு வயிறு இறுகினாலோ, அசைந்தாலே வலி கூடினாலோ, காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்தாலோ அதை வாயு என்று வைத்துக்கொள்ள வேண்டாம்.)

இப்போது டயாலிசிஸுக்கு வருகிறேன். சிறுநீர் நின்றுவிட்டால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பை நிறுத்திவிடலாம். ரத்தத்தில் அமிலம் கூடி, பிபி மருந்து வேலை செய்யாமல் போகலாம். ஷாக்கின்போது ஏற்றிய லிட்டர் கணக்கான திரவம் வெளியேற வழியில்லாமல் நுரையீரலில் தேங்கி வென்டிலேட்டரிலிருந்து எடுக்க முடியாமல் போகலாம். இம்மூன்றையும் தடுப்பதே டயாலிசிஸின் வேலை. அது நோயைக் குணப்படுத்துவதில்லை. வயிற்றில் நடந்த அறுவையும் ஆன்டிபயாடிக்கும் தம் வேலையை முடிப்பதற்குத் தேவையான நாள்களை அது வாங்கித் தருகிறது, அவ்வளவே. அந்த அவகாசம் கிடைக்காமல் போயிருந்தால் இரண்டாம் நாளே வேறு கதையாகியிருக்கும்.

ரத்த அழுத்தம் நிலையாக இல்லாத நோயாளிக்கு நான்கு மணி நேர வழக்கமான டயாலிசிஸ் தாங்காது என்பதால், மெதுவாக 6 முதல் 12 மணி நேரம் செய்வார்கள். அல்லது நாள் முழுவதும் நிற்காமல் ஓடும் இயந்திரத்தைப் பொருத்துவார்கள். பின்னது விலை கூடியது. ஆனால் எந்த முறையால் அதிகம் பேர் பிழைக்கிறார்கள் என்பதில் பெரிய வேறுபாடு நிரூபணமாகவில்லை. தந்தையாரின் பிபி மெதுவான முறையைத் தாங்குகிறது என்றால் அதிலேயே தொடரலாம்.

‘சுத்திகரிப்பு’ என்ற சொல்லின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பாத்திரத்தை இன்னும் கொஞ்சம் தேய்த்தால் இன்னும் பளிச்சென்று ஆகுமே, அதுபோல ரத்தத்தையும் இன்னும் அதிகமாகச் சுத்தம் செய்தால் இன்னும் நல்லதுதானே என்று நினைக்கத் தோன்றும். மருத்துவர்களுக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1,508 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 25 மில்லிலிட்டர் கழிவுநீர் வெளியேறும் அளவிலும், மறு சாராருக்கு 40 மில்லிலிட்டர் அளவிலும் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தார்கள். 2009-ல் வெளியான முடிவின்படி, 90 நாளில் இறந்தவர்கள் இரு பிரிவிலும் 44.7 சதவீதம், தசம இடம் வரை ஒன்றே. செப்டிக் ஷாக் நோயாளிகளுக்கு அளவை 70 வரை ஏற்றிப் பார்த்த ஐரோப்பிய ஆய்வும் 2013-ல் அதையே சொன்னது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 25 என்ற அளவே நாளொன்றுக்கு 36 லிட்டர் ஆகிறது, அது போதும். அதற்கு மேல் கழுவினால் நச்சு போகிறதோ இல்லையோ, ஆன்டிபயாடிக்கும் பாஸ்பேட்டும் சத்துகளும் சேர்ந்து போகும்.

ஆன்டிபயாடிக் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை எந்தக் குடும்பமும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். டயாலிசிஸ் இயந்திரத்துக்கு நல்லது கெட்டது தெரியாது. கிருமியைக் கொல்லக் கொடுத்த மருந்தையும் அது வெளியேற்றிவிடும். சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று மருந்தளவைக் குறைத்து எழுதிவிட்டு, டயாலிசிஸ் நடக்கும் நாள்களில் அதை மீண்டும் கூட்ட மறந்தால், வயிற்றில் உள்ள கிருமி பாதி மருந்தோடுதான் போராடும். ‘டயாலிசிஸுக்குத் தகுந்தபடி ஆன்டிபயாடிக் அளவையும் நேரத்தையும் மாற்றியிருக்கிறீர்களா, சார்?’ என்று பணிவாகக் கேளுங்கள். செலவில்லாத கேள்வி, ஃபில்டரைவிடப் பயனுள்ளது என்பேன்.

டயாலிசிஸ் ஆரம்பித்தால் ஆயுள் முழுக்க விட முடியாது என்பது நம் ஊரில் வேரூன்றிப்போன அச்சம். ஆண்டுக்கணக்கில் சிறுநீரகம் சுருங்கிச் செயலிழந்தவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த எண்ணம் அது. திடீரென்று தொற்றால் நின்ற சிறுநீரகம் வேறு வகை. ஷாக் அடங்கினால் பெரும்பாலும் சில வாரங்களில் அது திரும்பி வருகிறது. 15 நாடுகளில் ஏறத்தாழ 3,000 ஐசியு நோயாளிகளை வைத்து நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், பிழைத்தவர்களில் 90 நாளுக்குப் பிறகும் டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள், முந்திக்கொண்டு ஆரம்பித்த பிரிவில் 10.4 சதவீதம், தேவை வரும்வரை பொறுத்திருந்த பிரிவில் 6 சதவீதம். 15 ஆண்டுச் சர்க்கரை ஏற்கெனவே சிறுநீரகத்தைச் சிறிது அரித்திருக்கலாம் என்பதால் உங்கள் தந்தையாருக்கு அந்த அபாயம் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அறிக்கை, நோய்க்கு முந்தையது, வீட்டில் இருந்தால் தேடி எடுத்து மருத்துவரிடம் கொடுங்கள்; அது சரியாக இருந்திருந்தால் நம்பிக்கை கூடும்.

இனி அந்த ஃபில்டர். இதன் பின்னால் உள்ள எண்ணம் அழகானது, அதை மறுக்க மாட்டேன். ஈ.கோலை போன்ற குடல் பாக்டீரியாக்களின் வெளியுறையில் எண்டோடாக்சின் என்ற நச்சு இருக்கிறது. பாலிமிக்சின் பி என்ற பழைய ஆன்டிபயாடிக் அந்த நச்சை இறுகப் பற்றிக்கொள்ளும். ஆனால் ஊசியாகக் கொடுத்தால் சிறுநீரகத்தையும் நரம்பையும் பாதிக்கும். ஜப்பானின் டோரே நிறுவனம் அந்த மருந்தை நுண்ணிழைகளில் ஒட்டி ஒரு குழாய்க்குள் அடைத்து, அதன் வழியே ரத்தத்தைச் செலுத்தினால் நச்சு மட்டும் இழையில் தங்கிவிடும் என்று வழி கண்டது. இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு தடவை. 1994 முதல் ஜப்பானின் மருத்துவக் காப்பீட்டிலேயே அது இடம்பெற்றிருக்கிறது. உங்களிடம் சொன்னது இதுவாக இருக்கலாம். அல்லது அழற்சிப் பொருள்களைப் பொதுவாக உறிஞ்சும் மணிகள் நிறைந்த சைட்டோசார்ப் போன்றதாக இருக்கலாம். பெயரைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணம் அழகாக இருந்தால் போதுமா? 2009-ல் இத்தாலியில் வயிற்றுத் தொற்றோடு செப்டிக் ஷாக்கில் இருந்த 64 பேரை வைத்துச் செய்த ஆய்வில், பாலிமிக்சின் ஃபில்டர் போட்டவர்களில் 28 நாளில் இறந்தவர்கள் 32 சதவீதம், போடாதவர்களில் 53 சதவீதம் என்று வந்தபோது எங்கள் துறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு பிரான்ஸில் 18 தீவிர சிகிச்சைப் பிரிவுகள் சேர்ந்து, உங்கள் தந்தையாரைப் போன்றவர்களை, அதாவது வயிற்று உறுப்பில் ஓட்டை விழுந்து அவசர அறுவை முடிந்து 12 மணி நேரத்துக்குள் ஷாக்கில் இருப்பவர்களை மட்டுமே, எடுத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டன. 2015-ல் வந்த விடை: ஃபில்டர் போட்டவர்களில் இறந்தவர்கள் 27.7 சதவீதம், போடாதவர்களில் 19.5 சதவீதம். தற்செயலால் வரக்கூடிய வேறுபாடு என்று கொண்டு, ‘தீங்கு’ என்று சொல்லாமல் விட்டார்கள். ‘நன்மை’ என்று சொல்ல வழியே இல்லை. 2018-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 450 பேரிடம், ரத்தத்தில் எண்டோடாக்சின் கூடுதலாக இருப்பதை அளந்து உறுதிசெய்த பிறகே இதைச் சோதித்தார்கள். அங்கும் இறந்தவர்கள் போட்ட பிரிவில் 37.7 சதவீதம், போடாத பிரிவில் 34.5; போடாத பிரிவின் எண்ணே குறைவு. இவற்றையெல்லாம் பார்த்துத்தான் செப்சிஸ் சிகிச்சைக்கான 2021-ன் சர்வதேச வழிகாட்டுதல் பாலிமிக்சின் ஃபில்டரை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தது. மற்ற வகை உறிஞ்சிகளுக்கு ஆதரவாகச் சொல்லவும் போதிய சான்றில்லை என்றது. ஜெர்மனியில் 97 செப்சிஸ் நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில் ஒரு பிரிவினருக்குச் சைட்டோசார்பை நாளுக்கு ஆறு மணி நேரம் ஓட்டியபோது, அது குறைக்க வேண்டிய அழற்சிப் பொருளின் அளவே ரத்தத்தில் குறையவில்லை.

அப்படியானால் உங்கள் மருத்துவர்கள் ஏன் சொல்கிறார்கள்? உடனே வியாபாரம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நானும் சில நோயாளிகளுக்கு இத்தகைய ஃபில்டரைப் போட்டுப் பார்த்தவன்தான். போட்ட மறுநாள் பிபி மருந்து குறைந்தால், அந்தக் குழாய்தான் காப்பாற்றியது என்று மனம் அடித்துச் சொல்லும். அறுவை செய்து மூன்று நான்கு நாள் ஆனவருக்கு அந்த மருந்து எப்படியும் குறையத் தொடங்கியிருக்கும் என்பதை அந்த நேரத்தில் யாரும் எண்ணுவதில்லை. எண்டோடாக்சின் ஒரு குறிப்பிட்ட அளவுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் பயன் இருக்கலாம் என்ற ஆராய்ச்சியும் உண்டு. ஆனால் அந்த அளவை அளக்காமலேயே, ஷாக் தணியத் தொடங்கிய ஐந்தாம் நாளில், சொந்தச் செலவில் அதைப் போடுவதற்கு என்னால் நியாயம் காட்ட முடியவில்லை. ரத்தத் தட்டணுக்கள் குறைவதும், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மருந்தால் புதிய அறுவைக் காயத்தில் கசிவு ஏற்படுவதும் அதன் விலையில் எழுதப்படாத செலவுகள். எனவே தெளிவாகவே எழுதுகிறேன்: இந்த ஃபில்டருக்காக அம்மாவின் நகையை அடகு வைக்க வேண்டாம். வேண்டாம் என்று நீங்கள் சொல்வதால் தந்தையாருக்குக் கிடைக்க வேண்டிய எதுவும் கிடைக்காமல் போகாது.

எத்தனை சதவீதம் என்று கேட்டிருக்கிறீர்கள். மழுப்பாமல் சொல்ல முயல்கிறேன். செப்டிக் ஷாக்கில் சிறுநீரகமும் செயலிழந்த 488 பேரை வைத்து, டயாலிசிஸை எப்போது தொடங்குவது என்று பிரான்ஸில் ஓர் ஆய்வு நடந்தது. 2018-ல் வெளியான அதன் கணக்குப்படி, 90 நாளில் இறந்தவர்கள் சீக்கிரம் தொடங்கிய பிரிவில் 58 சதவீதம், பொறுத்திருந்த பிரிவில் 54 சதவீதம். அதாவது, ஷாக்கும் செயலிழந்த சிறுநீரகமும் ஒன்றாகச் சேர்ந்த பத்துப் பேரில் நான்கு அல்லது ஐந்து பேர் பிழைக்கிறார்கள். மலம் கலந்த வயிறு, 64 வயது, சர்க்கரை, இரண்டு நாள் தாமதம் ஆகியவை தந்தையாரை அந்தக் கணக்கின் கீழ்ப் பக்கம் இழுக்கின்றன. விரைந்து நடந்த அறுவையும், ஐந்தாம் நாளைத் தாண்டியதும், பிபி மருந்து குறையத் தொடங்கியதும் மேல் பக்கம் இழுக்கின்றன. நிலைமை மிகக் கடுமையானது. ஆனால் கைவிட வேண்டிய நிலை என்று உங்கள் கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது.

இந்த எண்ணைவிட, அது நகரும் திசை முக்கியம். நுரையீரல், ரத்த உறைவு, கல்லீரல், ரத்த ஓட்டம், மூளை, சிறுநீரகம் என்ற ஆறுக்கும் தலா 0 முதல் 4 வரை மதிப்பெண் போட்டு, மொத்தம் 24-க்கு எத்தனை என்று ஐசியு-வில் நாங்கள் நாள்தோறும் கணக்கிடுகிறோம். இதற்கு சோஃபா மதிப்பெண் என்று பெயர். கூடக் கூடக் கேடு. கிரியாட்டினின் 5-ஐத் தாண்டியதால் சிறுநீரகத்துக்கு மட்டும் தந்தையாருக்கு முழு 4 விழுந்திருக்கும். பிரஸ்ஸல்ஸில் 352 நோயாளிகளைக் கவனித்து 2001-ல் வெளியிட்ட ஆய்வில், முதல் 48 மணி நேரத்தில் இந்த மதிப்பெண் ஏறியவர்களில் பாதிப் பேருக்கு மேல் இறந்தார்கள். இறங்கியவர்களில் இறந்தவர்கள் 27 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே மருத்துவரைச் சந்திக்கும்போது ‘பிழைப்பாரா’ என்று கேட்பதைவிட, ‘அறுவை செய்த மறுநாள் சோஃபா எவ்வளவு, இன்று எவ்வளவு’ என்று கேளுங்கள். அதோடு பிபியை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்தின் அளவு குறைகிறதா, திசுக்களுக்கு ரத்த ஓட்டம் போதாதபோது ரத்தத்தில் கூடும் லாக்டேட் 2-க்குக் கீழே வந்துவிட்டதா, வென்டிலேட்டரில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் ஓடுகிறது, மயக்க மருந்தை நிறுத்தினால் கண் திறந்து பார்க்கிறாரா என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சிறுநீர் கடைசியாகத்தான் வரும். மற்றவை தேறிவரும்போது அது மட்டும் வரவில்லையே என்று துவண்டுவிட வேண்டாம்.

எல்லாம் தேறி வந்து, ஐந்து முதல் பத்து நாளுக்குள் மீண்டும் காய்ச்சல் ஏறினாலோ, பிபி மருந்தைக் கூட்ட வேண்டி வந்தாலோ, வயிற்றுக்குள் எங்கோ சீழ் தேங்கியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது தேவைப்படுவது புதிய ஃபில்டரோ இன்னும் விலை உயர்ந்த ஆன்டிபயாடிக்கோ அல்ல. இன்னொரு சிடி ஸ்கேனும், சீழை ஊசிக்குழாய் வழியாகவோ மறு அறுவையாலோ வெளியேற்றுவதும்தான். நெதர்லாந்தில் கடுமையான வயிற்றுத் தொற்றுள்ள 232 பேரிடம் நடத்தி 2007-ல் வெளியிட்ட ஆய்வில், தேவைப்பட்டால் மட்டும் திறப்பது என்று விட்ட பிரிவிலேயே 42 சதவீதம் பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது. எனவே ‘திரும்பவும் திறக்க வேண்டும்’ என்று சொன்னால் அதை முதல் அறுவையின் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பையின் வழியே தெரியும் குடல் முனை சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்கிறதா என்று நர்ஸிடம் நீங்களே தினமும் கேட்கலாம். அது கறுத்தால் உடனே அறுவை மருத்துவர் பார்க்க வேண்டும்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறதா, உங்கள் குடும்பத்துக்கு அட்டை இருக்கிறதா என்று உடனே விசாரியுங்கள். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் கிடைக்கும். எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்பதை மருத்துவமனையிலேயே உள்ள திட்ட அலுவலர் சொல்வார். நகையை வைத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், அது இன்னும் இரண்டு மூன்று வார ஐசியு, டயாலிசிஸ், ஒருவேளை மறு அறுவை ஆகியவற்றுக்காக இருக்கட்டும். கையில் பணம் தீர்ந்து பத்தாம் நாள் டயாலிசிஸை நிறுத்தி வீட்டுக்குக் கூட்டிப்போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் ஆறாம் நாளில் ஒரு குழாய்க்கு லட்சக் கணக்கில் கட்டியிருந்தார்கள். செலவு தாங்காது என்று இப்போதே தெரிந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றுவதைப் பற்றி இங்குள்ள மருத்துவரிடமே பேசுங்கள். ஆனால் பிபி மருந்து கூடுதலாக ஓடும்போது ஆம்புலன்ஸில் நகர்த்துவது ஆபத்து. அது குறைந்த பிறகு, டயாலிசிஸ் முடிந்த நாளில், அங்கே படுக்கையும் வென்டிலேட்டரும் உறுதியான பின்பே நகர்த்த வேண்டும்.

இன்னொரு பேச்சும் இருக்கிறது. எழுதத் தயக்கமாக இருந்தாலும் எழுத வேண்டியது. மருத்துவர்களோடு உட்கார்ந்து ஒரு கெடுவை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: இன்னும் ஐந்து அல்லது ஏழு நாள் முழு மூச்சாகச் சிகிச்சை தருவது, அதற்குள் மதிப்பெண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பது. இறங்கினால் தொடர்வதில் கேள்வியே இல்லை. ஒவ்வொரு உறுப்பாக விழுந்துகொண்டே போனால், இயந்திரங்களைக் கூட்டிக்கொண்டே போவதா, வலியும் மூச்சுத்திணறலும் இல்லாமல் பார்த்துக்கொள்வதை மட்டும் முதன்மையாக்குவதா என்ற கேள்வி வரும். அப்படிப்பட்ட நிலையில் பயனற்ற உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்திக்கொள்வதை உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்று, 2023-ல் அதன் நடைமுறையை எளிதாக்கியிருக்கிறது. அந்த முடிவை நள்ளிரவில் வராண்டாவில் நின்றுகொண்டு ஒருவர் மட்டும் எடுக்கக் கூடாது. உங்கள் தந்தையார் நல்ல நினைவோடு இருந்தபோது இத்தகைய நிலையைப் பற்றி எப்போதாவது ஏதேனும் சொல்லியிருக்கிறாரா என்று அம்மாவிடம் மெல்லக் கேட்டு வையுங்கள்.

அவர் தேறினால் என்ன நடக்கும் என்பதையும் அம்மாவுக்குச் சொல்லுங்கள். வென்டிலேட்டரிலிருந்து எடுத்த பிறகு சில நாள் ஆளை அடையாளம் தெரியாமல் பேசலாம்; பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் தெளிந்துவிடும். கையைத் தூக்கக்கூட வலுவில்லாமல் இருப்பார், நடக்கப் பழகவே வாரங்கள் ஆகும். பையை மூன்று முதல் ஆறு மாதத்துக்குப் பிறகு, உடல் தேறியிருந்தால் மட்டும், இன்னோர் அறுவையில் எடுத்துக் குடலை இணைக்கலாம். முடியாதவர்கள் பையோடே வேலைக்குப் போகிறார்கள், திருமணத்துக்கும் கோயிலுக்கும் போகிறார்கள். வெட்டி எடுத்த குடல் பகுதியின் திசுப் பரிசோதனை அறிக்கையை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். ஓட்டை விழுந்ததற்குக் காரணம் குடல் சுவரில் புடைத்து வரும் சிறு பைகளின் சாதாரண அழற்சியா, புற்றுக் கட்டியா என்பது அதில்தான் தெரியும். ஐசியு பரபரப்பில் அந்தத் தாள் கோப்புக்குள் போய்விடும்.

கடைசியாகத் தம்பி. வரச் சொல்லுங்கள். ஆபத்து நெருங்கிவிட்டது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அடுத்த பத்து நாளில் கையெழுத்துப் போட வேண்டிய தாள்கள் பல வரும், இரவில் ஐசியு வாசலில் யாராவது இருக்க வேண்டியிருக்கும், உங்களுக்கும் அம்மாவுக்கும் தூக்கம் வேண்டும். விமானம் ஏறுவதற்கு முன்னால் அவரையும் இந்தக் கடிதத்தை ஒருமுறை படித்துவிடச் சொல்லுங்கள். வந்து இறங்கியதும் ‘அந்த ஃபில்டரை ஏன் போடவில்லை’ என்று உங்களிடம் கேட்காமல் இருப்பார்.